சும்மா ஒரு ரஃப் ப்ளான்

தையல்காரர்கிட்ட போய், "சும்மா ஒரு சட்டை தெச்சுக் குடுங்க, போட்டுப் பாத்துப் புடிச்சிருந்தா அடுத்த சட்டைக்குக் காசு தர்றேன்"னு யாராவது கேட்டிருக்கோமா? கல்யாணத்துக்குச் சமையல் பேசப் போற மாமா, "ஒரே ஒரு பந்தி சும்மா போடுங்க, இன்னும் ரெண்டு கான்ட்ராக்டர் போடறாங்க, யாரோட சாம்பார் நல்லா இருக்கோ அவங்களுக்கே ஆர்டர்"னு சொல்லுவாரா? சொன்னா கரண்டியாலயே அடி விழும். ஆனா வீடு கட்டப் போற நம்மாளுங்க, நாலு பேர் வேலை பாக்கற ஒரு சின்ன ஆர்க்கிடெக்ட் ஆபீஸுக்குள்ள செருப்பைக் கழட்டிட்டு நுழைஞ்சு, உக்காந்து, தண்ணி குடிச்சிட்டு, கூச்சமே இல்லாம கேக்கற முதல் விஷயம் இதுதான்: "தம்பி, சும்மா ஒரு ரஃப் ப்ளான் போட்டுக் குடுங்களேன். பாத்துட்டு சொல்றேன்."

இதுல பெரிய கொடுமை, அந்தத் தம்பியும் "சரிங்க அங்கிள்"னு சொல்லிடறான்.

நான் இங்க எழுதப் போறது அந்த அங்கிளைப் பத்தி இல்லை. அவர் கேப்பார், கேக்கறதுல அவருக்கு என்ன நஷ்டம்? "சரிங்க" சொல்ற தம்பியைப் பத்தித்தான் எழுதணும்.

பொட்டி தட்டறவனுக்கும் கட்டடக்கலைக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. என் பள்ளிக்கூட நண்பன் ஒருத்தனும், அவன்கூட பி.ஆர்க் படிச்ச தோழியும் சேர்ந்து மூணரை வருஷம் முன்னாடி நங்கநல்லூர்ல ஒரு வீட்டு மாடியை வாடகைக்குப் புடிச்சு ஆபீஸ் ஆரம்பிச்சாங்க. ரெண்டு பேருக்கும் கோடு போட வரும், கணக்குப் போட வராது. அதனால மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் போய் அவங்க வரவு செலவை ஒரு ஷீட்ல ஏத்திக் குடுப்பேன். கூலி ஒரு ஃபில்டர் காபி, சில நாள் வாழைக்காய் பஜ்ஜி. (சும்மா வேலை பாக்கறதைப் பத்தி எழுத உனக்கு என்ன தகுதின்னு ஆரம்பிக்காதீங்க. பஜ்ஜி நல்லா இருக்கும் :-))

அந்த ஷீட் சொல்ற கணக்கைத்தான் மொதல்ல வைக்கணும்.

ஆபீஸ் வாடகை 14,000. ரெண்டு ஜூனியர், ஆளுக்கு 18,000, ஆக 36,000. கரன்ட், இன்டர்நெட் 5,000. சாஃப்ட்வேர், பிரின்ட், சைட்டுக்குப் போற பெட்ரோல் எல்லாம் சேர்த்து 7,000. மொத்தம் மாசம் 62,000 ரூபாய். இதுல ஓனர்கள் ரெண்டு பேரும் ஒரு ரூபா கூட எடுக்கலைங்கறதைக் கவனிக்கவும்.

இப்ப வரவு. 1,500 சதுர அடி வீடு. சதுர அடிக்கு 2,500 ரூபாய்னு வச்சா கட்டுமானச் செலவு 37,50,000. கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் வெளியிட்ட கட்டண அட்டவணைல தனி வீட்டுக்குப் போட்டிருக்கறது 7.5 சதவீதம். அதாவது 2,81,250 ரூபாய். இதை ஒரு கிளையன்ட்கிட்ட சொன்னா அவர் மாடிப்படியை ரெண்டு ரெண்டா தாண்டி இறங்கி ஓடிடுவார். அதனால நம்மாளுங்க கேக்கறது சதுர அடிக்கு 60 ரூபாய், மொத்தம் 90,000. இந்த 90,000க்கு என்ன செய்யணும்? ப்ளான், எலிவேஷன், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரோட உக்காந்து பில்லர், பீம் முடிவு பண்றது, கரன்ட் பாயின்ட், தண்ணிக் குழாய், கதவு ஜன்னல் அளவு, பாத்ரூம்ல ஒவ்வொரு டைல் எங்க ஆரம்பிக்கணும்ங்கற ட்ராயிங், படிக்கட்டு, கேட்டு. அதோட கிட்டத்தட்ட 25 தடவை சைட்டுக்குப் போகணும். வீடு முடிய 14 மாசம். வகுத்துப் பாருங்க: ஒரு வீடு ஒரு மாசத்துக்குக் குடுக்கறது 6,400 சொச்சம்.

அப்ப லைட்டை அணைக்காம ஆபீஸை நடத்தறதுக்கே ஒரே சமயத்துல பத்து வீடு ஓடணும். பத்து வீடு ஓடினா மாசம் 18 தடவை சைட். ரெண்டு ஓனர், ரெண்டு ஜூனியர். எப்ப யோசிக்கறது, எப்ப வரையறது? அட்டவணைல இருக்கற கட்டணம் கிடைச்சா கிட்டத்தட்ட மூணு வீட்டுல ஆபீஸ் நின்னுடும். பத்துக்கும் மூணுக்கும் நடுவுல இருக்கற தூரத்துலதான் இந்தத் தொழில்ல இருக்கற எல்லாச் சின்னப் பசங்களோட தூக்கமும் போகுது.

இந்த லட்சணத்துல ரஃப் ப்ளான்.

ரெண்டாவது வருஷம் மட்டும் 17 பேர் ரஃப் ப்ளான் கேட்டாங்க. பதினேழு பேருக்கும் போட்டுக் குடுத்தாங்க. ரஃப்னு பேருதான், மனையைப் போய் அளக்கணும், ரெண்டு விதமா ப்ளான் போடணும், "அப்படியே ஒரு த்ரீடி"யும் வேணும். ஓனர்ல ஒருத்தருக்கு மூணு நாள், ஜூனியருக்கு நாலு நாள், ஆக ஏழு ஆள்-நாள். நாலு பேர், மாசம் 25 நாள், மொத்தம் 100 ஆள்-நாள். ஓனருங்க ரெண்டு பேரும் ஆளுக்கு 30,000 எடுக்கறதா வச்சா (வச்சாத்தான்) ஒரு ஆள்-நாளோட விலை 1,220 ரூபாய். ஒரு ரஃப் ப்ளானோட விலை 8,540. பதினேழுல வேலையா மாறினது நாலு. மீதி 13 பேருக்குப் போனது 1,11,020 ரூபாய். ஒரு முழு வீட்டோட ஃபீஸை விட அதிகம். வருஷா வருஷம் முகம் தெரியாத பதிமூணு பேருக்குச் சேர்ந்து ஒரு வீட்டைத் தானம் பண்ணிட்டு இருந்தாங்க!

அதுல ஒரு அங்கிள், ப்ளானை வாங்கிட்டுப் போய் மேஸ்திரிகிட்ட குடுத்துக் கட்டியே முடிச்சிட்டார். நண்பன் வேற வேலையா அந்தத் தெரு வழியாப் போனப்போ தன்னோட சிட் அவுட் தன்னைப் பாத்து நிக்கறதைப் பாத்தான். கேஸ் போடலாமேன்னு கேட்டேன். கட்டட வடிவமைப்புக்கு 1957 காப்புரிமைச் சட்டத்துல இடம் இருக்குதான். ஆனா அதே சட்டத்துல, கட்ட ஆரம்பிச்சாச்சுன்னா தடை வாங்க முடியாது, இடிக்கவும் சொல்ல முடியாதுன்னு இருக்கு. நஷ்ட ஈடு கேட்டு எத்தனை வருஷம் அலையறது? அவன் ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு வந்துட்டான். படிக்கட்டைத் தப்பா கட்டியிருக்காங்களாம். அதுதான் அவனுக்கு ரொம்ப வருத்தம்.

இதுவரைக்கும் சொன்னது ஓனர்களோட நஷ்டம். அவங்க ஆசைப்பட்டு ஆரம்பிச்ச கடை, அவங்க பாடு. எனக்குக் கோவம் வர்றது அடுத்த விஷயத்துல.

சும்மாங்கறது சும்மா இல்லை. அங்கிள் குடுக்காத 8,540 ரூபாயை யாரோ குடுக்கறாங்க. வாடகையைக் குறைக்க முடியாது, கரன்ட் பில் குறையாது, சாஃப்ட்வேர் கம்பெனி ஒரு பைசா விட மாட்டான். (ஆட்டோகேட் விக்கறவங்க ஒரு தடவை வாங்கினா காலத்துக்கும் வச்சுக்கற லைசென்ஸை 2016லயே நிறுத்திட்டாங்க. இப்ப வருஷா வருஷம் மொய் எழுதணும்.) குறைக்க முடியற ஒரே செலவு சம்பளம். அஞ்சு வருஷம் பி.ஆர்க் படிச்சிட்டு வந்த பொண்ணு 18,000 வாங்கிட்டு ராத்திரி பத்து மணிக்கு யாரோ ஒருத்தரோட "அப்படியே ஒரு த்ரீடி"க்கு ரெண்டரிங் ஓட விட்டுட்டு உக்காந்திருக்கு. பல ஆபீஸ்ல ட்ரெயினிங்குக்கு வர்ற காலேஜ் பசங்களுக்கு அதுவும் கிடையாது, "அனுபவம்" மட்டும்தான். நான் நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சிட்டு, கேம்பஸ்ல ஒரு பெரிய கம்பெனிக்குப் போய், முதல் ஆறு மாசம் ஒரு வேலையும் செய்யாம ஏசில உக்காந்து இதைவிட அதிகமா வாங்கினேன். எனக்குத் திறமை அதிகம்னு இல்லை. என் கம்பெனி என் நேரத்துக்கு யார்கிட்டயோ பில் போட்டுச்சு, அவ்வளவுதான்.

"முதல் அஞ்சு வருஷம் காசைப் பத்தி யோசிக்காதே, பேர் சம்பாதி"ன்னு இந்தத் தொழில்ல பெரியவங்க சொல்றதை நானே காதால கேட்டிருக்கேன். நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஆனா அஞ்சு வருஷம் காசைப் பத்தி யோசிக்காம இருக்க யாரால முடியும்? அப்பாவுக்கு அண்ணா நகர்ல ரெண்டு ஃப்ளாட் வாடகை வர்ற பையனால முடியும். என் நண்பனோட அப்பா மின்வாரியத்துல லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். அவனால முடியாது. ஆக இந்த அறிவுரையோட நிகர விளைவு, வசதி உள்ள வீட்டுப் பசங்க மட்டும் சொந்த ஆபீஸ் வைக்கலாம், மத்தவங்க எல்லாம் பெரிய ஆபீஸ்ல பாத்ரூம் ட்ராயிங் போடலாம். பெரிய பேரு எல்லாம் அப்படித்தானே கஷ்டப்பட்டு வந்தாங்கன்னு உதாரணம் சொல்லுவாங்க. 2018ல ப்ரிட்ஸ்கர் விருது வாங்கின பி.வி. தோஷி 1950கள்ல அகமதாபாத்ல தனியா ஆரம்பிச்சவர்தான். ஆனா அவர் பாரிஸ்லேர்ந்து திரும்பி வந்தப்போ லெ கார்பூசியே அகமதாபாத்ல கட்டிட்டிருந்த கட்டடங்களை மேற்பார்வை பாக்கற வேலை கையில இருந்துச்சு. வெறும் வயித்தோட யாரும் நல்ல கட்டடம் யோசிச்சதா நான் படிக்கலை.

சரி, எதிர்க்கட்சி வாதத்தையும் பாக்கணும். "புது ஆபீஸை யாருக்குத் தெரியும்? சும்மா வரைஞ்சு காட்டினாத்தானே ஆள் வருவாங்க?"

இது லேசான கேள்வி இல்லை. 1989ல வந்த ஆர்க்கிடெக்ட்களோட நடத்தை விதிகள், சில விலக்கு தவிர, தொழிலை விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு சொன்னது. பக்கத்துல இருக்கற கான்ட்ராக்டர் ஆட்டோ பின்னாடி ஃபோன் நம்பர் போடலாம், "ப்ளான் இலவசம்"னு ஃப்ளெக்ஸ் வைக்கலாம். ஆர்க்கிடெக்டுக்கு அந்த வழி இல்லை. அதனால சும்மா போடற ப்ளான்தான் விளம்பரம்னு இந்தத் தொழில் பழகிடுச்சு. போதாததுக்கு, 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் காப்பாத்தறது "ஆர்க்கிடெக்ட்"ங்கற பேரை மட்டும்தான், அந்த வேலையை இல்லைன்னு உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்ல தெளிவா சொல்லிடுச்சு. அதாவது பதிவு பண்ணாதவங்க அந்தப் பேரைப் போட்டுக்கக் கூடாது, ஆனா வீட்டுக்கு டிசைன் போடலாம். டாக்டர், வக்கீலுக்கு இருக்கற வேலி இவங்களுக்குக் கிடையாது. யாரோட போட்டின்னே சொல்ல முடியாத சந்தை.

சங்கம் கூடி "இனிமே யாரும் சும்மா வரையக் கூடாது"ன்னு முடிவு பண்ணலாமேன்னு எனக்கு முதல்ல தோணுச்சு. தேடிப் பாத்தா, அமெரிக்கால ஆர்க்கிடெக்ட் சங்கத்து மேல அரசாங்கமே கேஸ் போட்டு, 1990ல ஒரு உடன்பாட்டுக்குக் கொண்டு வந்திருக்கு: உறுப்பினர் தள்ளுபடி குடுக்கறதையோ சும்மா வேலை பாக்கறதையோ சங்கம் தடுக்கக் கூடாதுன்னு. சங்கத்தை நம்பிப் பிரயோஜனம் இல்லை. அந்தந்த ஆபீஸ்தான் வாயைத் திறந்து சொல்லணும்.

என் தொழில்லயும் இலவசம் உண்டு. ஒரு பெரிய பாங்க் ப்ராஜக்ட்டைப் புடிக்க எங்க கம்பெனி மூணு மாசம் சும்மாவே ஒரு மாதிரி செஞ்சு காட்டும். அது எப்படி முடியுது? பெஞ்ச். வேலை இல்லாம சம்பளம் வாங்கிட்டு உக்காந்திருக்கற ஆளுங்க எப்பவும் சில நூறு பேர் இருப்பாங்க. அவங்களை எழுப்பி விட்டு "போய் இதைச் செய்"னு சொல்லலாம். ஜெயிச்சா பத்து வருஷ ப்ராஜக்ட். நாலு பேர் ஆபீஸ்ல ஏது பெஞ்ச்? ஓனர் மூணு நாள் ரஃப் ப்ளான் போட்டா, காசு குடுத்த கிளையன்டோட சைட்ல லிண்டல் மட்டம் தப்பாப் போறதை யாரும் பாக்கலை. ஆனையைப் பாத்துப் பூனை பட்டினி கிடந்த கதைதான்.

இதுல இன்னொரு விஷயம், சும்மா குடுக்கறது உருப்படியான பொருளா இருந்தாலாவது பரவாயில்லை. ரஃப் ப்ளான்ங்கறது ஒரு படம். படத்துக்கு இன்னிக்கு என்ன மதிப்பு? போன மாசம் ஒருத்தர் ஏஐ கிட்ட சொல்லி வரைஞ்ச நாலு எலிவேஷனோட ஆபீஸுக்கு வந்தார். அதுல ஒண்ணுல மூணாவது மாடி ஜன்னல் வழியா தென்னை மரம் வெளியே வருது, அது வேற கதை. ஆனா பாக்க அழகா இருந்துச்சு. பர்மிஷனும் அப்படித்தான். தமிழ்நாட்டுல 2024 ஜூலைல சுயசான்று முறை வந்துச்சு. 2,500 சதுர அடிக்குள்ள மனை, 3,500 சதுர அடிக்குள்ள கட்டடம், தரைத்தளமோ அதோட ஒரு மாடியோ இருந்தா ஆன்லைன்லயே உடனடி அனுமதி. அப்ரூவல் ப்ளானை நம்பிக் கடை வச்சிருந்தவங்களுக்கு அது ஒரு அடி. "ஆன்லைன்லயே பர்மிஷன் கிடைக்குதாமே தம்பி, அப்புறம் உங்களுக்கு எதுக்குக் காசு?"ன்னு ஒருத்தர் நேராவே கேட்டார். நியாயமான கேள்வி. படமும் பர்மிஷனும் சும்மா கிடைச்சா, ஆர்க்கிடெக்ட் விக்கறது எதை?

இதுக்குப் பதில் எனக்கு மடிப்பாக்கத்துல ஒரு மனையைப் பாத்தப்போதான் புரிஞ்சுது. மேற்குப் பாத்த மனை. ஒரு கான்ட்ராக்டர் ஏற்கனவே இலவச ப்ளான் குடுத்திருந்தார். கன்னி மூலைல மாஸ்டர் பெட்ரூம், வாஸ்துப்படி கச்சிதம். தோழி அங்க ஒரு மணி நேரம் நின்னா. முதல்ல ரோட்டைப் பாத்தா. பக்கத்து வீட்டு வாசப்படியில ரெண்டு படி ரோட்டுக்குள்ள புதைஞ்சிருந்துச்சு. பழைய ரோட்டைச் சுரண்டாம மேல மேல போட்டுப் போட்டு ரோடு உசந்திருக்கு. 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்லயும் தண்ணி எது வரைக்கும் வந்துச்சுன்னு எதிர்வீட்டுப் பாட்டிகிட்ட கேட்டா. பாட்டி சுவர்ல கையை வச்சுக் காட்டினாங்க. அந்தக் கோட்டை டேப் வச்சு அளந்தா. கான்ட்ராக்டர் ப்ளான்ல தரைமட்டம் அதுக்குக் கீழ இருந்துச்சு. அப்புறம் அந்தப் பெட்ரூம். மேற்குச் சுவர்ல சாயங்காலம் வரைக்கும் வெயில் அடிச்சு, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் சுவர் கொதிக்கும். கடல் காத்து மத்தியானத்துக்கு மேல கிழக்கு, தென்கிழக்குலேர்ந்து வரும், அந்தப் பக்கம் அந்த ப்ளான்ல டாய்லெட். அவ பெட்ரூமை மாத்தலை, மாத்தினா வீட்டு அம்மா ஒத்துக்க மாட்டாங்கன்னு தெரியும். மேற்குச் சுவர் முழுக்க வார்ட்ரோபைக் கொண்டு வந்து, டாய்லெட்டை நகத்தி, கிழக்கே ஜன்னலுக்கு வழி பண்ணினா. மொத்தம் பென்சில்ல பத்து கோடு இருக்கும். வீட்டுக்காரருக்கு முப்பது வருஷ ஏசி பில்லும், ஒரு வெள்ளத்துல போற ஃப்ரிட்ஜும் சோபாவும் மிச்சம்.

இந்த ஒரு மணி நேரம்தான் சரக்கு. இதைச் சும்மா குடுத்துட்டு, அதுக்கப்புறம் போடற ட்ராயிங்குக்குக் காசு கேக்கறதுங்கறது, தேங்காயைக் குடுத்துட்டு மட்டைக்கு விலை சொல்ற மாதிரி.

அதனால மூணாவது வருஷ ஆரம்பத்துல ஒரு ஏற்பாடு. ரஃப் ப்ளான்ங்கற வார்த்தையே ஆபீஸ்ல கிடையாது. முதல் சந்திப்பு சும்மா, காபியும் உண்டு. அதுக்கு மேலன்னா 7,500 ரூபாய். மனைக்கு வந்து அளந்து, ரோடு மட்டம், தண்ணி, வெயில், காத்து, பக்கத்து வீட்டு ஜன்னல் எல்லாம் பாத்து, குடும்பத்தோட ரெண்டு மணி நேரம் பேசி, நாலு பக்கம் எழுதி, கையால வரைஞ்ச ஒரு தாள். த்ரீடி கிடையாது. அந்தத் தாளோட வேற யார்கிட்ட வேணும்னாலும் போகலாம். இவங்ககிட்டயே தொடர்ந்தா 7,500 ஃபீஸ்ல கழியும். இந்த யோசனை தோழியோடது, நண்பன் ரொம்பப் பயந்தான்.

பயந்ததுல அர்த்தம் இருந்துச்சு. முதல் மூணு மாசம் ஒரு புது வேலை வரலை. ஒரு ஜூனியர் பையன் பெங்களூர்ல ஒரு இன்டீரியர் கம்பெனிக்குப் போயிட்டான். அவன் இடத்துல ஆள் போடவே நாலு மாசம் ஆச்சு. அந்த நாலு மாசமும் நான் ஷீட்டைத் திறக்கவே தயங்குவேன். அப்புறம் மெதுவா வர ஆரம்பிச்சாங்க. அந்த வருஷம் 7,500 குடுத்தவங்க ஏழு பேர். அதுல அஞ்சு பேர் முழு வேலையும் குடுத்தாங்க. முந்தின வருஷம் பதினேழு பேருக்கு ஓடி ஓடிப் போட்டு நாலு. ஒரு ஆபீஸோட ஒரு வருஷக் கணக்கை வச்சு ஊருக்கே சட்டம் போட முடியாதுதான், எனக்கும் தெரியும். ஆனா காசு குடுத்துட்டு வந்த கிளையன்ட்கிட்ட ஒரு மாற்றம் நல்லாத் தெரிஞ்சுது: சொல்றதைக் கேக்கறாங்க. முன்னாடி தோழி சைட்டுக்குப் போனா, "ஏம்மா, சார் வரலையா?"ன்னு கேப்பாங்க. மேஸ்திரி "சார்கிட்ட கேட்டுக்கறேம்மா"ன்னு சொல்லிட்டு பீடி பத்த வைப்பார். இப்ப வீட்டுக்காரரே மேஸ்திரிகிட்ட "மேடம் எழுதிக் குடுத்திருக்காங்க பாருங்க"ன்னு தாளை நீட்டறார். 7,500 ரூபாய் குடுத்த தாளாச்சே.

சதவீதக் கணக்கையும் விட்டுட்டாங்க. இதைப் பத்தித் தனியாவே எழுதணும், சுருக்கமா சொல்றேன். செலவுல இவ்வளவு சதவீதம்னா, லாரி பேக்கர் வழியில எலிப்பொறிக் கட்டு கட்டி செங்கல்லை மிச்சம் புடிச்சா, ஆர்க்கிடெக்ட்டோட ஃபீஸ் குறையும். இத்தாலி மார்பிள் போடச் சொன்னா கூடும். மிச்சம் பண்ணினதுக்கு அபராதம்! மொத்தமா ஒரு தொகை பேசிக்கறதுதான் ரெண்டு பேருக்கும் கௌரவம்.

தவணையும் அப்படித்தான். ஆர்க்கிடெக்ட்டோட மூளை வேலைல பெரும்பங்கு அஸ்திவாரம் தோண்டறதுக்குள்ள முடிஞ்சுடும். காசோ பெயின்ட் அடிக்கற வரைக்கும் இழுக்கும். கடைசில கையில காசு தீர்ந்து, மாடுலர் கிச்சனுக்கே கடன் வாங்கற நிலைமைல இருக்கற வீட்டுக்காரர், யாருக்கு முதல்ல நிறுத்துவார்? கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை வரும், கடைசித் தவணை வராது. இவங்களுக்கு அப்படி மூணு வீட்டுல நின்னிருக்கு. பத்திரிகை மூணும் அலமாரில இருக்கு. இப்ப ட்ராயிங் முழுசாக் கையில போறதுக்குள்ள முக்கால்வாசி வாங்கிடறாங்க. மீதி சைட் மேற்பார்வைக்கு, மாசாமாசம்.

இதெல்லாம் படிச்சிட்டு நிலைமை சரியாயிடுச்சுன்னு நினைக்க வேண்டாம். ஓனர் ரெண்டு பேரும் இப்பவும் ஆளுக்கு 30,000 எடுக்கறாங்க, அதுவும் எல்லா மாசமும் இல்லை. ஜூனியர் சம்பளம் 22,000 ஆகியிருக்கு. தோழி வீட்டுல "ஒரு நல்ல கம்பெனில சேர்ந்துடேன்"ங்கற பேச்சு நிக்கலை.

இப்ப ஒரு புது சோதனை. குரோம்பேட்டை பக்கம் ஒரு டாக்டர் தம்பதி, 6,000 சதுர அடில க்ளினிக் கட்டப் போறாங்க. மூணு ஆபீஸைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு முழு டிசைன் த்ரீடியோட குடுங்க, புடிச்சதை எடுத்துக்கறோம்னு சொல்லியிருக்காங்க. கிடைச்சா ஆறு மாசம் மூச்சு விடலாம். நண்பனுக்குச் சபலம். "இந்த ஒரு தடவை மட்டும்"ங்கறான். தோழி முடியாதுங்கறா. என் கட்சி தோழியோடது. மூணு பேர்ல ஒருத்தருக்குத்தான் கிடைக்கும், அந்தப் போட்டிக்கு ஒரு மாச ஆபீஸ் போகும், அந்த மாசம் ஓடிட்டிருக்கற அஞ்சு வீட்டையும் யார் பாக்கறது? அதுவும் கேக்கறது யாரு, டாக்டர்! வாசல்ல டோக்கன் வாங்கும்போதே கன்சல்டேஷன் ஃபீஸை எடுத்து வைக்கச் சொல்றவங்க. "மூணு டாக்டர்கிட்ட மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுப் பாக்கறேன், எது கேக்குதோ அவருக்கு ஃபீஸ்"னு நான் சொன்னா விடுவாங்களா? அவங்களுக்கு இந்தத் தர்க்கம் மத்தவங்களை விடச் சீக்கிரம் புரியணும்.

கடைசில மூணு பேரும் உக்காந்து ஒரு மெயில் எழுதினோம். மரியாதையாத்தான். போட்டிக்கு வர்றோம், ஆனா கூப்பிடற ஒவ்வொரு ஆபீஸுக்கும் 25,000 ரூபாய் குடுங்க, எங்களுக்கு மட்டும் இல்லை, மத்த ரெண்டு பேருக்கும் சேர்த்துன்னு. அந்தக் கடைசி வரியைச் சேக்கச் சொன்னது தோழி. மெயில் போய் ஒன்பது நாள் ஆச்சு. பதில் இன்னும் வரலை. நண்பன் தினம் நாலு தடவை இன்பாக்ஸைத் திறந்து பாக்கறான். தோழி மடிப்பாக்கம் சைட்ல ஸ்லாப் போடறாங்கன்னு போயிருக்கா.